வாசகர் கேள்வி – பதில்: எக்ஸால்டட் போடலாமா, நிறுத்திக்கொள்ளலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ என்ற கணினி விளையாட்டின் கிராஃப்டிங்கை, அதாவது ஆயுதம், கவசம் போன்ற பொருள்களின் பண்புகளை மாற்றி மெருகேற்றும் வேலையைப் பற்றியவையாகவே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒன்றையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறான். கேட்டால், “ஆர்ப் போட்டேன், ஐட்டம் போய்விட்டது” என்கிறான். மெருகேற்றப் போன பொருள் எப்படி அழியும்? இதில் எங்கள் பணம் ஏதும் போயிருக்குமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் முழுமையாக வெளியிட்ட இந்த விளையாட்டை இலவசமாகவே ஆடலாம். நிறுவனம் விற்பவை பொருள்களைச் சேமிக்கும் கூடுதல் அறைகளும், கதாபாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்களும்தான். ஆர்ப்களை அது விற்பதில்லை. வெளியில் சில தளங்கள் உண்மைப் பணத்துக்கு ஆர்ப் விற்கின்றன, அது விளையாட்டின் விதிகளுக்கு எதிரானது. உங்கள் மகன் அப்படி எதையும் வாங்கவில்லையென்றால், போனது அவனுடைய நேரம் மட்டுமே. அதைச் சிறிய இழப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சில வாரங்கள் தினமும் மாலையில் உட்கார்ந்து சேர்த்தது ஒரே சொடுக்கில் போனால் யாருக்கும் வலிக்கும்.

பொருள் எப்படிக் கெடுகிறது என்பதற்கு வருகிறேன். இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாங்கவும் விற்கவும் பயன்படுத்துவது தங்கக் காசுகளை அல்ல, ஆர்ப் எனப்படும் உருண்டைகளை. அதே உருண்டைகள்தான் ஆயுதத்தையும் கவசத்தையும் மாற்றும் கருவிகளும்கூட. ரூபாய் நோட்டே உளியாகவும் இருந்தால் எப்படியோ அப்படி. மஞ்சள் நிறப் பெயர் கொண்ட ஒரு ‘ரேர்’ பொருளில் மூன்று முன்னொட்டுகளும் மூன்று பின்னொட்டுகளுமாக அதிகபட்சம் ஆறு பண்புகள் இருக்கலாம். முன்னொட்டு, பின்னொட்டு என்பவை பண்புகளின் இரு வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனி இடங்கள் உண்டு. கேயாஸ் ஆர்ப் அவை அனைத்தையும் கலைத்துப் புதிதாகப் போடும். எக்ஸால்டட் ஆர்ப் காலியிடம் ஒன்றில் ஒரு பண்பைச் சேர்க்கும், அனல்மென்ட் ஆர்ப் ஏதோ ஒரு பண்பை நீக்கும், டிவைன் ஆர்ப் எண்களை மட்டும் மாற்றும். இந்த ஆர்ப்களால் எந்தப் பண்பு வரும், எது போகும் என்பதை உங்கள் மகன் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த ஆர்ப்பை, எந்த வரிசையில், எந்தப் பொருளின் மேல் வைப்பது என்பதை மட்டுமே அவனால் தேர்ந்தெடுக்க முடியும். மற்றக் கடிதங்களுக்கு எழுதியிருக்கும் பதில்களை அவனிடம் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு காலணியில் 35% நகர்வு வேகம் வேண்டுமென்று 300 ஆல்டரேஷன் ஆர்ப்களைச் செலவழித்துவிட்டேன். ஐட்டம் லெவல் 84. இன்னும் எத்தனை தேவைப்படும்?
– வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். ஆல்டரேஷன் ஆர்ப், நீல நிறப் பெயர் கொண்ட ‘மேஜிக்’ பொருளின் பண்புகளைக் கலைத்துப் புதிதாகப் போடும். ஆனால் அந்தக் காலணியில் 35% ஒருபோதும் வராது. ஒவ்வொரு பண்பின் ஒவ்வோர் அடுக்குக்கும், அதாவது தரநிலைக்கும், பொருளின் ஐட்டம் லெவலில் (அந்தப் பொருளுக்கென்று உள்ள நிலை எண்ணில்) ஒரு குறைந்தபட்ச வரம்பு உண்டு. 30% வேகத்துக்கு 55 போதும், 35%-க்கு 86 வேண்டும். உங்களிடம் இருப்பது 84. இரண்டு படிகள்தான் குறைவு என்றாலும், இங்கே அது கதவு திறப்பதற்கும் சுவர் எழும்பியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம். பொருளின் மேல் மவுஸை வைத்து கண்ட்ரோல்–சி அழுத்தி, வெற்றுக் கோப்பு ஒன்றில் ஒட்டிப் பார்த்தால் ஐட்டம் லெவல் தனி வரியாகத் தெரியும். முதல் ஆர்ப்பை எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ‘கிராஃப்ட் ஆஃப் எக்ஸைல்’ என்ற தளத்தில் பொருளின் வகையையும் லெவலையும் கொடுத்தால், எந்தப் பண்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் அது கணக்கிட்டுக் காட்டும். கேட்கும் பண்பு பட்டியலிலேயே இல்லையென்றால் 300 போட்டாலும் 3,000 போட்டாலும் ஒன்றுதான்.

கேள்வி: என் காலணியில் 30% வேகம், உயிர் 90, நெருப்பு எதிர்ப்பு 40%, குளிர் எதிர்ப்பு 38% என நான்கு நல்ல பண்புகள் இருந்தன. மின்னல் எதிர்ப்பு கிடைக்குமென்று எக்ஸால்டட் போட்டேன். அதிர்ச்சியிலிருந்து விரைவாக மீளும் பண்பு வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது அனல்மென்ட் போட்டு அதை நீக்கப் பார்க்கலாமா? இரண்டு டிவைன் செலவழித்துப் பூட்டுப் போட்டால் மற்றவை தப்பிக்கும் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் காலணியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேகமும் உயிரும் முன்னொட்டுகள். நெருப்பு, குளிர், இப்போது வந்த அதிர்ச்சி மீட்பு ஆகிய மூன்றும் பின்னொட்டுகள். எனவே பின்னொட்டுப் பக்கம் நிறைந்துவிட்டது, முன்னொட்டுப் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருக்கிறது. இந்த ஒரு வரியை நீங்கள் எக்ஸால்டட்டை எடுப்பதற்கு முன்பே தாளில் எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நண்பர் சொல்லும் பூட்டு உண்மையானதுதான். கிராஃப்டிங் பெஞ்ச் என்பது, பட்டியலிலிருந்து ஒரு பண்பை நாமே தேர்ந்தெடுத்து, ஆர்ப் கொடுத்துச் சேர்க்கும் மேசை. அதில் ‘முன்னொட்டுகளை மாற்ற முடியாது’ என்றொரு பண்பும் ‘பின்னொட்டுகளை மாற்ற முடியாது’ என்றொரு பண்பும் கிடைக்கின்றன. ஆனால் பூட்டும் ஒரு பண்பு என்பதால் அதற்கும் உட்கார ஓர் இடம் வேண்டும். அது எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் உட்காரும். முன்னொட்டுகளைக் காக்கும் பூட்டு பின்னொட்டில் வரும், உங்கள் பின்னொட்டுகளோ நிறைந்துவிட்டன. உங்களால் போட முடிந்தது காலியாக இருக்கும் முன்னொட்டில் உட்காரும் மற்றப் பூட்டுதான். அது உங்கள் எதிர்ப்புப் பண்புகளோடு சேர்த்து அந்த வேண்டாத விருந்தாளியையும் பாதுகாத்து வைக்கும், வேகத்தையும் உயிரையும் அனல்மென்ட்டின் முன் நிறுத்தும். அந்த இரண்டு டிவைனைச் செலவழிக்காதீர்கள்.

பூட்டில்லாமல் அனல்மென்ட் போட்டால் என்ன ஆகும்? ஐந்து பண்புகளில் ஒன்று போகும். கெட்டது போக ஐந்தில் ஒரு வாய்ப்பு, எதிர்ப்புகளில் ஒன்று போக ஐந்தில் இரண்டு, வேகமோ உயிரோ போக ஐந்தில் இரண்டு. எதிர்ப்பு போனால் அந்த இடத்தைப் பெஞ்சில் நிரப்பிக்கொள்ளலாம். வேகம் போனால் காலணியே போனதாக வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: இன்று அது 100 கேயாஸுக்கு விற்கும், கெட்டது நீங்கினால் 250-க்கு விற்கும், மற்ற நான்கு விளைவுகளிலும் சராசரியாக 20-க்குத்தான் விற்கும் என்று வைத்துக்கொண்டால், அனல்மென்ட் போட்ட பிறகு எதிர்பார்க்கக்கூடிய மதிப்பு 66 கேயாஸ்தான். அதிலிருந்து அனல்மென்ட்டின் விலையையும் கழிக்க வேண்டும். உங்கள் சந்தையில் விலைகள் வேறாக இருக்கலாம், ஆனால் கணக்கிடும் முறை இதுதான். இந்த எண் இன்றைய விலையைவிடக் குறைவாக இருக்கும்வரை கை ஆர்ப்பின் பக்கம் போகக்கூடாது.

ஆகவே காலியாக இருக்கும் முன்னொட்டில் பெஞ்சின் வழியாகப் பயனுள்ள ஒன்றைச் சேர்த்து, காலணியை அப்படியே அணிந்துகொள்ளுங்கள். மின்னல் எதிர்ப்பை மோதிரத்தில் தேடிக்கொள்ளலாம்.

அடுத்த முறைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கேள்வியின் சாரமே இதில்தான் இருக்கிறது. பண்புகள் நான்காக இருந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிடம் காலியாக இருந்தது. மின்னல் எதிர்ப்பு பெஞ்சிலேயே கிடைக்கும் பண்பு. அதை முதலில் பெஞ்சில் போட்டிருந்தால் நீங்கள் விரும்பியது குறைந்த செலவில் உறுதியாகக் கிடைத்திருக்கும். பின்னொட்டுப் பக்கமும் நிறைந்திருக்கும். அதன் பிறகு எக்ஸால்டட் போட்டால் அது முன்னொட்டில் தவிர வேறெங்கும் விழ முடியாது. அங்கே மோசமான பண்பு வந்தாலும் நீங்கள் இழப்பது ஒரு காலியிடத்தை மட்டும்தான். உறுதியாகக் கிடைப்பதை முதலில் வாங்கிவிட்டு, அதிர்ஷ்டத்துக்கு ஒரே ஒரு சிறிய இடத்தை விட்டுவைப்பதைத்தான் அனுபவமுள்ள கிராஃப்டர்கள் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது அவர்களுக்கு நல்ல கைராசி என்று தோன்றும். அவர்களுடைய குறிப்பேட்டைப் பார்த்தால், சொடுக்குவதற்கு முன் எழுதிய வரிகள்தான் அதிகமாக இருக்கும்.

கேள்வி: நான் அணிந்திருந்த யூனிக் (தனக்கென்று நிலையான பண்புகள் கொண்ட வகை) மார்புக் கவசத்தின் மேல் வால் ஆர்ப் வைத்தேன். அது வேறு பண்புகள் கொண்ட சாதாரண மஞ்சள் கவசமாக மாறிவிட்டது. திரும்பப் பெற வழி உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. உங்களுக்கு இதைவிட நல்ல பதிலைச் சொல்ல முடியவில்லையே என்று உண்மையிலேயே வருந்துகிறேன். வால் ஆர்ப் தொட்ட பொருள் ‘கரப்ட்’ ஆகிவிடும். அதன்பின் வழக்கமான ஆர்ப் எதையும் அது ஏற்காது. கரப்டான பொருள்களுக்கென்றே டெயின்டட் என்ற பெயரில் சில ஆர்ப்கள் உள்ளன, ஆனால் அவையும் பழைய பொருளை மீட்டுத் தருபவை அல்ல.

2014-ல் வால் ஆர்ப் அறிமுகமானது முதல் இந்தக் கடிதம் ஏதோ ஒரு வடிவில் எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. விளைவுகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்று, கரப்ட் ஆவதைத் தவிர எதுவும் மாறாது. இரண்டு, ஜெம் எனப்படும் திறன் கற்களைப் பதிக்கும் சாக்கெட்கள் சில, எந்த நிற ஜெம்மையும் ஏற்கும் வெள்ளையாகும். மூன்று, வேறெந்த வழியிலும் எளிதில் கிடைக்காத ஒரு சிறப்புப் பண்பு சேரும். நான்கு, உங்களுக்கு நேர்ந்தது. மூன்றாவது விளைவிலும் வருவதெல்லாம் நல்ல பண்பு அல்ல; சேரக்கூடிய பண்புகளில் உங்கள் பில்டுக்கு, அதாவது கதாபாத்திரத்தை நீங்கள் அமைத்திருக்கும் விதத்துக்கு, உதவுபவை சிலவே. ஆக, பொருள் கெட நான்கில் ஒரு வாய்ப்பு, மனம் குளிரும்படி ஏதாவது நடக்க அதைவிடக் குறைந்த வாய்ப்பு. விளையாட்டிலுள்ள ‘ஆட்ஸோஆட்டில்’ என்ற கோயிலின் இரட்டைக் கரப்ஷன் அறைக்குக் கொண்டுபோனால் பொருள் முற்றிலும் மறைந்துவிடவும் கூடும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு லீகின் (எல்லாரும் புதிதாகத் தொடங்கும் பருவத்தின்) மூன்றாவது வாரம், நள்ளிரவு தாண்டிய நேரம், என் பில்டே நம்பியிருந்த ஒரு தலைக்கவசம். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மவுஸைக் கொண்டுபோனேன். இடது விரல் ஒரு கணம் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. நின்ற விரலை நான் மதிக்கவில்லை. செம்பழுப்பு நிறத்திலிருந்த பெயர் மஞ்சளாக மாறியது. அதே கவசத்தை மறுபடியும் வாங்க ஆர்ப் சேர்ப்பதற்கு நான்கு நாள்கள் ஆயின. அந்த நான்கு நாள்களும், ஏற்கெனவே எளிதாகக் கடந்த மேப்களில் (விளையாட்டின் கடைசிக் கட்டப் பகுதிகளில்) ஒவ்வொரு திருப்பத்திலும் செத்து விழுந்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு விதியை வைத்திருக்கிறேன்: அணிந்திருக்கும் பொருளின் மேல் வால் ஆர்ப் வைப்பதில்லை. அதே யூனிக் இன்னொன்றை மலிவாக வாங்கி, அதன் மேல் வைப்பேன். வந்தால் மாற்றி அணிவேன், கெட்டால் போட்டுவிடுவேன். இரண்டாவது ஒன்றை வாங்க முடியாத அளவுக்கு விலை உயர்ந்த பொருளா? அப்படியானால் அது கரப்ட் செய்வதற்கான பொருளே அல்ல.

கேள்வி: லெவல் 20 ஜெம் ஒன்றை வால் ஆர்ப்பால் 21 ஆக்க எட்டில் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். ஏழு ஜெம்கள் தோற்றுவிட்டன. எட்டாவது கட்டாயம் வெல்ல வேண்டும் அல்லவா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: எட்டாவதுக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். முந்தைய ஏழு தோற்றது எட்டாவது ஜெம்முக்குத் தெரியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் மேசையில் தொடர்ந்து 26 முறை கறுப்பு நிறமே வந்தது. இனிமேல் சிவப்பு வந்தே தீர வேண்டும் என்று நம்பிப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். உங்கள் கேள்வியில் இருப்பதும் அதே நம்பிக்கைதான்.

எட்டில் ஒன்று என்பதற்கு எட்டு முயற்சியில் ஒன்று உறுதி என்று பொருளில்லை. கணக்கிட்டால், எட்டு ஜெம்களும் தோற்க 34% வாய்ப்பு இருக்கிறது, அதாவது மூவரில் ஒருவர் எட்டையும் இழந்து வெறுங்கையோடு நிற்பார். பதினாறு போட்டாலும் 12% பேருக்கு ஒன்றும் கிடைக்காது. நூற்றில் ஒரு வாய்ப்புள்ள பண்பைத் தேடி நூறு ஆர்ப் போடுபவருக்கு அது கிடைக்காமல் போக 37% வாய்ப்பு உண்டு. இருநூறு போட்டாலும் 13% உண்டு. எனவே செலவைத் திட்டமிடும்போது சராசரியை மட்டும் நம்பாமல், அதைப்போல் இரண்டு மடங்கு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 21 லெவல் ஜெம்மைச் சந்தையிலேயே வாங்கிவிடுங்கள். தோற்ற ஜெம்களின் சுமையை வேறு யாரோ ஏற்கெனவே சுமந்துவிட்டார்கள். விலை கூடுதலாகத் தெரிந்தாலும், அது முன்கூட்டியே தெரிந்த விலை.

இதுவரை போன ஏழையும் கணக்கில் சேர்க்காதீர்கள். “இவ்வளவு போட்டுவிட்டேனே” என்ற எண்ணம்தான் எட்டாவதையும் ஒன்பதாவதையும் வாங்க வைக்கிறது.

கேள்வி: ஹார்வெஸ்ட் காலத்தில் விரும்பிய பண்பை ஏறத்தாழ உறுதியாகச் சேர்க்க முடிந்தது. அதை ஏன் குறைத்தார்கள்? பொருளைக் கெடுக்காமல் கிராஃப்டிங் அமைக்கவே முடியாதா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: 2020 ஜூனில் வந்த ஹார்வெஸ்ட், தோட்டத்தில் விதைத்து அறுவடை செய்து குறிப்பிட்ட வகைப் பண்பைச் சேர்க்கவும் நீக்கவும் வழி செய்தது. 2021 ஏப்ரல் மாத மாற்றத்தில் அதன் ஆற்றல் வெகுவாகக் குறைக்கப்பட்டது. எல்லாரும் உறுதியாகச் சிறந்த பொருளைச் செய்துகொள்ள முடிந்தால், தரையில் விழும் பொருளைக் குனிந்து எடுக்க யாருக்கும் காரணம் இருக்காது என்பது தயாரிப்பாளர்களின் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். பொருள் தேடுவதே இந்த வகை விளையாட்டின் உயிர்.

ஆனால் ஆர்வத்தைக் காப்பாற்ற அழிவு ஒன்றுதான் வழி என்பதை நான் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் முழு வடிவில் வெளியான ‘லாஸ்ட் எபோக்’ விளையாட்டைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஃபோர்ஜிங் பொடென்ஷியல்’ என்றோர் இருப்பு உண்டு. ஒவ்வொரு கிராஃப்டும் அதிலிருந்து ஏதோ ஓரளவைத் தின்னும். எவ்வளவு தின்னும் என்பது அதிர்ஷ்டம். இருப்பு தீர்ந்தால் பொருளை மேலும் மாற்ற முடியாது, ஆனால் இருந்தது இருந்தபடியே கையில் நிற்கும். பதற்றம் அங்கேயும் உண்டு, துக்கம் மட்டும் இல்லை. பாத் ஆஃப் எக்ஸைலின் இரண்டாம் பாகமும், 2024 டிசம்பரில் ஆரம்ப அணுகலாக (முழுமையாகும் முன்பே ஆடக் கிடைக்கும் வடிவில்) வந்தபோது, கேயாஸ் ஆர்ப்பின் செயல்பாட்டையே மாற்றியது: எல்லாப் பண்புகளையும் கலைப்பதற்குப் பதிலாக, ஒன்றை நீக்கி வேறொன்றைச் சேர்க்கிறது. ஒரே சொடுக்கில் ஆறும் போவதைவிட, ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்து நிறுத்திக்கொள்ள இடம் தரும் முறையை நான் வரவேற்கிறேன். எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் உரிமை ஆட்டக்காரரிடம் இருந்தால், தோல்வியைக்கூட அவர் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வார்.

கேள்வி: எனக்கு மிரர் ஆஃப் கலாண்ட்ரா விழுந்திருக்கிறது! என் வில்லை நகலெடுத்து, அந்த நகலில் துணிந்து கிராஃப்ட் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். வில்லில் ஆறு பண்புகள், இரண்டு மட்டும் கீழ் அடுக்கு.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மனமார்ந்த வாழ்த்துகள். பல ஆண்டுகளாக ஆடுபவர்களிலும் பெரும்பாலானவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மிரரில் பிறந்த நகலை அதன்பின் மாற்ற முடியாது. எந்த ஆர்ப்பும் அதன் மேல் வேலை செய்யாது என்பதால் உங்கள் திட்டம் நடக்காது. கீழ் அடுக்குப் பண்புகள் இரண்டு உள்ள வில்லுக்கு அதைச் செலவழிக்கவும் வேண்டாம். விற்றுவிடுங்கள். சந்தை விலையை இரண்டு நாள்கள் கவனித்துவிட்டு, அவசரப்படுத்துபவர்களை ஒதுக்கிவிட்டு, பொறுமையாகப் பேசி விற்கலாம். வர்த்தகச் சாளரத்தில் எதிர்த்தரப்பு வைக்கும் ஆர்ப்கள் ஒவ்வொன்றின் மேலும் மவுஸை வைத்துப் பெயரையும் எண்ணிக்கையையும் படியுங்கள். அவர் ஒருமுறை ரத்து செய்துவிட்டு மறுபடி திறந்தால், முதலிலிருந்து மறுபடியும் எண்ணுங்கள்.